நீலசமுத்திரத்து மழையும் விளக்கும்

நீலசந்திரா என்ற பெயரை முதன்முதலாகக் காகிதத்தில் வாசிக்கும் தமிழர் ஒருவர், நீலநிறச் சந்திரனை நினைத்தோ, அப்பெயர் கொண்ட பெண்மணி ஒருத்தியை நினைத்தோ ஒரு நிமிஷம் நிற்பது இயல்பு. ஆனால் பெங்களூரைச் சுற்றிலும் பொம்மசந்திரா, சிங்கசந்திரா, திப்பசந்திரா, லக்கசந்திரா என்று வரிசையாக வரும் ஊர்ப்பெயர்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தால், அவற்றில் நிலவுக்கு இடமே இல்லை என்பதும், 'சமுத்திரம்' என்ற வடசொல்தான் கன்னட உழவர்களின் நாவில் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து 'சந்த்ர' என்று ஆகிவிட்டது என்பதும் புலப்படும். சமுத்திரம் என்று முடியும் ஊர்கள் நம் தமிழ்நாட்டிலும் பல உண்டல்லவா? மழைநீரைத் தேக்கிய ஏரியைக் கடலுக்குரிய மரியாதையோடு அழைத்த ஒரு காலத்தின் ஞாபகம் அந்தப் பெயர்களில் தங்கியிருக்கிறது. ஆகவே நான் பிறந்து வளர்ந்த பேட்டையின் முழுப்பெயர் நீலசமுத்திரம் என்றே என் மனத்தில் எப்போதும் ஒலிக்கிறது. அங்கே வீட்டுக்குள் உட்கார்ந்து ஜீவனம் நடத்தியவர்களுக்கும் மழைக்கும் விளக்குக்கும் இருந்த சம்பந்தத்தைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எனக்கு ஆசை.

பெங்களூருக்கென்று பெரிய ஆறு கிடையாது. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில், நீர் பல திசைகளிலும் பிரிந்து இறங்கும் ஒரு முதுகின்மேல் அமர்ந்த நகரம் அது. ஆகையால் முற்காலத்தவர் ஒவ்வொரு சரிவிலும் ஏரி வெட்டி, ஒன்றின் மிகுதி அடுத்ததில் இறங்கும்படி கால்வாய் வகுத்து, வானத்தை நம்பியே குடியிருந்தார்கள். நீலசந்திரா இருக்கும் சரிவு கோரமங்களா பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. அங்குள்ள கூரைகளில் விழும் மழை, இன்று சாக்கடையாகிவிட்ட ராஜகாலுவே என்ற பழைய கால்வாய் வழியே பெல்லந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும், அதன்பின் தென்பெண்ணைக்கும் போய்ச் சேர்ந்து, ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் திருக்கோவலூரையும் கடந்து கடலூருக்கருகே வங்கக்கடலில் கலக்கிறது. 1809-ல் ஆங்கிலேயர் பெங்களூரில் பட்டாளத்துக்கென்று ஒரு தனி நகரத்தை அமைத்து, கன்னடத்திலும் தமிழிலும் அது 'தண்டு' என்று வழங்கத் தொடங்கியதிலிருந்து, சிப்பாய்களாகவும், சமையற்காரர்களாகவும், குதிரைக்காரர்களாகவும், கொத்தர்களாகவும் மேட்டு நிலம் ஏறி வந்த தமிழர்களில் மிகப்பலர் வட ஆற்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள்; அதாவது, நீர் இறங்கிப் போகும் திசையிலிருந்து மனிதர்கள் ஏறி வந்தார்கள்.

தண்டின் தெற்கு ஓரத்தில், ரிச்மண்டு டவுனுக்கும் ஆஸ்டின் டவுனுக்கும் கீழே, ஆனேபாளையாவுக்கும் விவேக்நகருக்கும் இடைப்பட்டுக் கிடக்கும் நீலசந்திராவில் இன்றும் ஒரு தெருவின் ஒரு முனையில் தமிழும், நடுவில் உருதுவும், மறுமுனையில் கன்னடமும் கேட்கும். பங்களாக்களில் வாழ்ந்தவர்களுக்கு வேலை வேறு, வீடு வேறு. நீலசந்திரா போன்ற இடங்களில் அந்தப் பிரிவு என்றுமே உறுதியாக இருந்ததில்லை. ஆண்கள் பட்டாளத்துக் கிடங்குகளுக்கும் பட்டறைகளுக்கும் போனபின், வீட்டின் முன்னறையே பட்டறையாக மாறும். தையல் இயந்திரம் ஒரு வீட்டில், பீடி இலை நறுக்கும் கத்தரி ஒரு வீட்டில், ஊதுவத்தி தேய்க்கும் மணை ஒரு வீட்டில். எங்கள் வீட்டில் இருந்தது மணை.

ஊதுவத்தித் தொழில் மைசூர் சமஸ்தானத்துக்குக் கீர்த்தி தேடித் தந்த தொழில்களில் ஒன்று. சந்தனமும் சம்பங்கியும் மணக்கும் பெட்டிகளில் அடைபட்டுத் தேசாந்திரம் போகும் அந்தப் பொருளின் முதற்பாதி, மணமே இல்லாத நிலையில், பெங்களூரின் ஏழை வீடுகளில் பெண்களின் உள்ளங்கையில் உருவாயிற்று என்பதை வாங்குவோர் பெரும்பாலும் அறியார். கரித்தூளும், மரத்தூளும், பிசின்போல் பற்றிக்கொள்ளும் ஒரு மரப்பட்டையை இடித்த ஜிகட் பொடியும் சேர்த்து, தண்ணீர் விட்டு, சப்பாத்தி மாவின் பதத்துக்குப் பிசைந்துகொள்வார்கள். அதற்கு மசாலா என்று பெயர். மணையைச் சாய்வாக முன்னே போட்டுக்கொண்டு, ஒரு சிட்டிகை மசாலாவை மூங்கில் குச்சியின் தலையில் வைத்து, உள்ளங்கையால் ஒரே வீச்சில் உருட்டினால், பிடிக்கு வேண்டிய இடத்தை விட்டுவிட்டுக் கருப்பாக, சீராக வத்தி நீளும். பழகிய கைக்கு இது சில விநாடி வேலை. ஆனால் எண்ணிக்கை ஆயிரத்தில். கூலியும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. என் தாயார் பேசிக்கொண்டே உருட்டுவார், அழுதுகொண்டே உருட்டுவார், சமயத்தில் தூங்கிக்கொண்டே உருட்டினார் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. அவருடைய வலது உள்ளங்கையின் ரேகைகளில் கரி நிரந்தரமாகக் குடியேறியிருந்தது.

அந்தத் தொழிலின் எஜமான் காண்டிராக்டர் அல்ல, சூரியன். உருட்டிய வத்தி காய்ந்தாக வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டாமல் சாக்கின்மேல் பரப்பி, மொட்டை மாடியிலோ தெருவோரத்திலோ வைத்துத் திருப்பித் திருப்பிக் காயவிட்டு, கட்டுக் கட்டாகக் கட்டிக் கொண்டுபோனால்தான் எண்ணி வாங்குவார்கள். மழை இரண்டு நாள் விடாமல் பிடித்துக்கொண்டால் வத்தி வளையும். மூன்றாம் நாள் வெண்பூஞ்சை படரும். அப்படிப் போனதற்குக் கூலி கிடையாது. அடுப்பின்மேல் பரண் கட்டிச் சூட்டில் உலர்த்துவதும், பாயின் அடியில் கட்டுகளை வைத்து அதன்மேல் நாங்கள் படுத்துக்கொள்வதும் உண்டு. மழைக்காலத்து இரவுகளைப் பற்றி என் முதல் ஞாபகமே, முதுகின் கீழே அந்தக் கட்டுகள் உறுத்தியதும், ஈரக்கரியின் வாசனையுந்தான். சித்திரை மாதத்துப் பிற்பகலில், ஆகாயம் தெளிவாக இருக்கும்போதே, மேற்கே ஒரு தரம் பார்த்துவிட்டு, "எடுங்கடா, வருது" என்று தாயார் குரல் கொடுப்பார். ஐந்து நிமிஷத்தில் தெருவிலுள்ள அத்தனை சாக்குகளும் உள்ளே போய்விடும். பத்தாவது நிமிஷத்தில் காற்று வந்து கதவை அறையும். எப்படித் தெரிந்ததென்று கேட்டால், காகங்களைப் பார்த்தேன் என்பார்.

பெங்களூரின் புயல் சென்னையின் புயலைப்போன்றதன்று. கடலில் பிறந்து, வருமுன் நாட்கணக்காகச் செய்தி சொல்லி, பெயர் சூட்டிக்கொண்டு கரையேறி, 2016 டிசம்பர் 12-ல் வர்தா செய்ததுபோல் ஒரு பகலில் பல்லாயிரம் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போகும் புயல் அங்கே. அதே புயல் மேட்டு நிலத்துக்கு வந்து சேரும்போது வேகமெல்லாம் இழந்து, இரண்டு மூன்று நாள் ஓயாத தூறலாகவும் குளிராகவும் மாறியிருக்கும். எங்களுக்குரிய சண்டமாருதம் உள்ளூர்ச் சரக்கு. மார்ச் கடைசியிலிருந்து மே முடியும்வரை, பகல் முழுதும் காய்ந்த பீடபூமியின் வெப்பக்காற்று மேலெழும்பி, இரு கடல்களிலிருந்தும் வரும் ஈரத்தைச் சந்தித்து, மூன்று மணிக்குமேல் மேகமாகக் குவிந்து, ஐந்து ஆறு மணிக்கு இடியோடும் ஆலங்கட்டியோடும் இறங்கும். தமிழ்நாட்டில் கத்திரி வெயில் என்று மக்கள் நடுங்கும் அதே நாட்களை, மழைக்கு நட்சத்திரப் பெயர் வைக்கும் கன்னட உழவர்கள் பரணி மழை, கிருத்திகை மழை என்று எதிர்பார்த்து ஏரைத் துடைத்து வைப்பார்கள். அந்த மழைகளில் தண்ணீரைவிட அதற்கு முன்னே வரும் காற்றே அதிக நாசம் செய்வது. செப்டம்பரில்தான் மழையளவு உச்சத்துக்குப் போகும்.

இனி விளக்கைப் பற்றி. புயலையும் இருளையும் ஒருசேர எதிர்கொள்ளும் உபாயம் மின்சாரத்துக்கு முன்பே எங்கள் வீடுகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பெயரே அதற்குச் சாட்சி. அரிக்கேன் விளக்கு என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல், சூறாவளியைக் குறிக்கும் அந்நியச் சொல்லின் தமிழ் உச்சரிப்பேயாகும். காற்று எவ்வளவு அடித்தாலும், கண்ணாடிக் கூண்டுக்குள் பக்கக் குழாய்களின் வழியே அளவாகக் காற்றை இழுத்துக்கொண்டு சுடர் அணையாமல் நிற்கும்படி சமைத்த சாதனம் என்பதால் மேல்நாட்டார் அதற்குப் புயல் பெயரை இட்டார்கள். நாம் பொருளறியாமலே அப்பெயரைக் காப்பாற்றி வருகிறோம். கடைத்தெருவில் தள்ளுவண்டிக்காரர்களுக்குக் காடா விளக்கு, கல்யாணங்களுக்குப் பெட்ரோமாக்ஸ், படிக்கிற பிள்ளைக்குச் சிம்னி, வத்தி தேய்க்கும் தாய்க்கு அரிக்கேன் என்று ஒவ்வொரு காரியத்துக்கும் ஒவ்வொரு சுடர் இருந்தது. மாலையில் சிம்னிக் கண்ணாடியைச் சாம்பலும் பழந்துணியும் கொண்டு துடைப்பது பிள்ளைகளின் கடமை. கை சிறிதாக இருந்தால்தான் உள்ளே போகும்.

மின்சாரம் பெங்களூருக்கு வந்த கதையைப் பெருமையோடு சொல்லுவார்கள். பெருமைப்பட வேண்டிய கதையேதான். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1883 முதல் 1901 வரை பதினெட்டு வருஷம் மைசூர் திவானாக இருந்த சர் கே. சேஷாத்ரி ஐயரின் காலத்தில், காவிரி இரு கிளையாகப் பிரிந்து விழும் சிவசமுத்திரத்தில் நீர்வீழ்ச்சியின் சக்தியைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாமென்ற யோசனை உருவாயிற்று. நயாகராவில் அப்போதுதான் நடந்தேறியிருந்த அற்புதத்தை நேரில் கண்டு வரும்படி ஜோலி டி லாட்பினியேர் என்ற ராணுவ என்ஜினீயரைச் சமஸ்தானம் அனுப்பியது. சூரிச்சின் எஷர் வைஸ் கம்பெனியின் நீர்ச்சக்கரங்களும், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் உற்பத்தி இயந்திரங்களும் கடல்கடந்து வந்து, அந்தக் காட்டுப் பிரதேசத்துக்கு மாட்டு வண்டிகளிலும் யானைகளின் உதவியாலும் போய்ச் சேர்ந்தன. 720 கிலோவாட் வீதம் ஆறு இயந்திரங்கள். 1902 ஜூன் 30-ம் தேதி, 92 மைல் தூரத்திலிருந்த கோலார் தங்கவயலுக்கு 35,000 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரம் பாய்ந்தது. அந்நாளில் உலகத்தின் மிக நீண்ட மின்கம்பிகளில் அதுவும் ஒன்று. அதைக் கண்ணாரக் காண சேஷாத்ரி ஐயர் இல்லை. 1901 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார்.

முதல் வெளிச்சம் யாருக்குப் போயிற்று என்று கவனிக்க வேண்டும். ஆங்கிலேயர் நடத்திய தங்கச் சுரங்கங்களின் பாரந்தூக்கிகளுக்கும் அரவை யந்திரங்களுக்கும் போயிற்று. அந்தச் சுரங்கங்களின் அடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர்கள். அதன்பின், 1905 ஆகஸ்ட் 5-ல் பெங்களூர் நகரத்துத் தெருவில் மின்விளக்கு எரிந்தது. பிறகு தண்டுக்கும் மின்சாரம் வந்து, பங்களாக்களும் மாதாகோயில்களும் கிளப்புகளும் பிரகாசம் பெற்றன. ஏழைகளின் தெருக்களில் கம்பம் நட்டு, வீட்டுக்குள் ஒரு பல்பு தொங்குவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. 1947 ஜூலையில் தண்டு மைசூருக்குத் திரும்பக் கிடைத்து, 1949-ல் இரண்டு நகரசபைகளும் ஒரே மாநகராட்சியாக இணைந்த பிறகும், எங்கள் தெருவின் பல வீடுகளில் அரிக்கேன் இறங்கவில்லை என்று என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இங்கே ஒரு விஷயம் என் மனத்தை நெடுங்காலமாகப் பற்றிக்கொண்டிருக்கிறது. பெங்களூரின் விளக்கு மழையிலிருந்து பிறந்தது. கரியையும் எண்ணெயையும் எரித்து மின்சாரம் எடுத்த நகரங்களுக்கு மழையும் விளக்கும் வெவ்வேறு சமாசாரங்கள். எங்களுக்கோ குடகு மலையில் பெய்த மழையே சிவசமுத்திரத்தில் வெளிச்சமாயிற்று. கோடையில் காவிரி மெலிந்தால் இயந்திரமும் மெலியும் என்ற காரணத்தை முன்னிட்டே, 1911-ல் கண்ணம்பாடியில் அணை கட்டத் தொடங்கினார்கள். விசுவேசுவரய்யாவின் பெயரோடு நிலைத்துவிட்ட கிருஷ்ணராஜசாகரம் வயலுக்குப் பாய்ந்ததோடு விளக்குக்கும் காவலாக எழுந்தது. அதன்பின் 1940-ல் சிம்ஷா, 1948-ல் ஜோக், 1960-களின் நடுவில் சராவதி என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு நீர்வீழ்ச்சியைத் தேடிப் போயிற்று. 1985-ல் ராய்ச்சூரில் நிலக்கரி எரியத் தொடங்கும்வரை, ராஜ்யத்தின் மின்சாரம் முழுவதும் என்று சொல்லத்தக்க அளவுக்கு நீரையே சார்ந்திருந்தது. ஆகவே பருவமழை தவறிய வருஷங்களில், லிங்கனமக்கி நீர்த்தேக்கத்தின் மட்டம் இறங்க இறங்க, பத்திரிகையில் மின்வெட்டு அட்டவணை நீளும். மழை இல்லாவிட்டால் மாதக்கணக்கில் இருள். மழை வந்துவிட்டாலோ அந்த மாலை முழுதும் இருள். இரண்டுக்கும் நடுவிலே வத்தி தேய்ப்பவளும், துணி தைப்பவளும் தங்கள் நேரத்தை அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மழை பெய்யும்போது ஏன் விளக்கு அணைகிறது என்பதை எங்கள் பேட்டையில் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். உபநிலையத்திலிருந்து 11,000 வோல்ட் கம்பி கம்பம் கம்பமாக வந்து, தெருமுனை டிரான்ஸ்பார்மரில் அழுத்தம் குறைந்து வீடுகளுக்குப் பிரிகிறது. அந்தக் கம்பியைக் கிளை ஒன்று தொட்டாலும் போதும், மின்சாரம் தவறான வழியில் பூமிக்குப் பாய்வதை உபநிலையத்தின் காவற்கருவி உணர்ந்து, உயிர்ச்சேதம் நேராதபடி முழுத் தடத்தையும் துண்டித்துவிடும். துண்டிப்பது கணப்பொழுது; சேர்ப்பது அப்படியன்று. எங்கே கிளை கிடக்கிறது, எங்கே கம்பி அறுந்து தண்ணீரில் கிடக்கிறது என்று லைன்மேன் ஒருவர் இருட்டில், கொட்டும் மழையில், கம்பம் கம்பமாகப் பார்த்து வந்த பிறகுதான் மீண்டும் உயிர் கொடுக்க முடியும். அவசரப்பட்டுச் சேர்த்தால் கீழே நடப்பவர் சாவார், அல்லது கம்பத்தின்மேல் இருப்பவர் சாவார். 1912 என்ற எண்ணுக்குப் போன் செய்து, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று பொறுமையிழந்து கேட்கும் நம்மில் எத்தனை பேர், அந்த நேரம் முழுதும் ஒருவர் ஈரக் கம்பத்தின் அடியில் நிற்கிறார் என்பதை நினைக்கிறோம்? நான் நினைக்கத் தொடங்கியது மிகத் தாமதமாகத்தான். எங்கள் தெருக்கம்பத்தில் ஏறிய ஒரு பெரியவர் இறங்கி வந்து, கைநடுக்கம் அடங்கும்வரை எங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்த இரவுக்குப் பிறகு.

மரங்களைக் குறைசொல்ல மனம் வருவதில்லை. 1908-ல் லால்பாகுக்கு வந்து சேர்ந்த ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் கிரும்பிகல், வருஷத்தின் ஒவ்வொரு மாதத்திலும் ஏதாவது ஒரு மரம் பூத்துக்கொண்டேயிருக்கும்படி பெங்களூரின் சாலைகளைத் திட்டமிட்டார். பின்னர் 1980-களில் வனத்துறை அதிகாரி நெகினஹால் லட்சக்கணக்கான கன்றுகளை நட்டு வளர்த்தார். மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகரும், தென் அமெரிக்காவின் ஜகரண்டாவும், தூங்குமூஞ்சி மரமும் இல்லாத பெங்களூரை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் குல்மோகரின் கட்டை மென்மையானது. வேரைச் சுற்றிச் சிமெண்டு போட்டு, ஒரு பக்கம் சாக்கடைக்கும் மறுபக்கம் கேபிளுக்கும் தோண்டிவிட்ட பிறகு, கிருத்திகை மழைக்கு முன்வரும் காற்றை அது எதைப் பிடித்துக்கொண்டு தாங்கும்? சாய்ந்த மரத்தைக் காலையில் வந்து அறுக்கிறவர்களைச் சுற்றி நின்று, உதிர்ந்த செம்பூக்களைப் பொறுக்கும் குழந்தைகளை எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறேன்.

1985-ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பெங்களூரில் காலூன்றியதும், 1991-க்குப் பின் மென்பொருள் பூங்காக்கள் பெருகியதும் எல்லோரும் அறிந்த சரித்திரம். அந்தக் காரியாலயங்கள் ஊரின் மின்சாரத்தை நம்பி நடக்கவில்லை. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் டீசல் ஜெனரேட்டர் அறை ஒன்று இருந்தது. வெளியே எவ்வளவு பெரிய இடி விழுந்தாலும் உள்ளே விளக்கு சிமிட்டாது. மழை நின்று வீடு திரும்பும்போதுதான் தங்கள் தெரு இருண்டிருப்பதை அவர்கள் அறிவார்கள். நகரம் இருட்டில் இரண்டாகப் பிரிந்திருந்தது என்று சொல்வது மிகையாகாது.

2020 மார்ச் 25-ல் தேசம் முழுதும் கதவடைப்பு வந்தபோது அந்தப் பிரிவு ஒரே நாளில் அழிந்தது. ஜெனரேட்டர் அறை காரியாலயத்திலேயே தங்கிவிட்டது. வேலை மட்டும் வீட்டுக்கு வந்தது. என் தங்கையின் மகள், வெளிதேசத்து வங்கி ஒன்றுக்குக் கணக்கு மென்பொருள் எழுதும் ஸ்தாபனத்தில் வேலையாயிருப்பவள், மாடியறையில் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த அறைதான் என் தாயார் வத்தி தேய்த்த அறை. முதல் கோடைமழை வந்த மாலையில், திரையில் ஏழெட்டு முகங்களோடு பேசிக்கொண்டிருந்தவள், காற்று ஜன்னலை அறைந்த மறுகணமே இருட்டில் நின்றாள். கணினிக்குச் சொந்த பாட்டரி உண்டு. ஆனால் இணையத்தைக் கொண்டுவரும் சிறு பெட்டிக்கு அது இல்லை. கண்ணாடி நாரின் வழியே ஒளியாக வரும் செய்தி, நம் வீட்டுப் பெட்டிக்கு மின்சாரம் இல்லாவிட்டால் வாசலோடு நின்றுவிடுகிறது. "மாமா, இதெல்லாம் பாட்டி காலத்துல எப்படி சமாளிச்சாங்க?" என்று அவள் படியிறங்கி வந்து கேட்டாள். கேள்வி வேடிக்கைக்காகக் கேட்டதன்று. குரலில் அழுகை இருந்தது.

அடுத்த வாரம் ஒரு யூபிஎஸ் வாங்கி வைத்தோம். பெங்களூரில் இன்வெர்ட்டரையும் யூபிஎஸ் என்றே சொல்வார்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட பாட்டரி என்றால் கணக்குப்படி 1,800 வாட்-மணி. இடையில் நேரும் நஷ்டத்தைக் கழித்தால் அதில் முக்காற்பங்குதான் கைக்கு வரும். கணினிக்கு அறுபது வாட், இணையப் பெட்டிக்குப் பத்து, விளக்குக்கு ஒன்பது என்று வைத்துக்கொண்டால் இரவு முழுவதையும் கடத்திவிடலாம். மின்விசிறியைச் சேர்த்தால் பாதி நேரந்தான். "ஃபேன் வேண்டாம், மழை பெய்றப்போ எதுக்கு?" என்று என் தங்கை சுவிட்சின்மேல் காகிதத்தை ஒட்டிவைத்தாள். அமிலம் வற்றாமல் மாதம் ஒருமுறை பார்த்து வடிநீர் ஊற்றுவது என் பொறுப்பு. பாட்டரி தரையின் ஈரத்தில் இருக்கக்கூடாது என்று கொண்டுவந்த பையன் சொன்னதால், பரணிலிருந்து ஒரு பலகையை எடுத்து அடியில் கொடுத்தோம். நடுவில் வழுவழுவென்று தேய்ந்து, ஒரு பக்கம் கரியேறிய அந்தப் பலகை என்னவென்று தங்கையும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தப் பெண் மெள்ள மெள்ளக் கற்றுக்கொண்டவை யாவும் பழைய சம்பிரதாயங்கள். மூன்று மணிக்கு மேற்கே பார்ப்பாள். கறுத்திருந்தால் முக்கியமான வேலையை முன்னதாக முடித்து அனுப்பிவிடுவாள். கைப்பேசிகள் இரண்டையும், வெவ்வேறு கம்பெனி இணைப்புகளோடு, நிறைய மின்னேற்றி வைத்துக்கொள்வாள். இடி நெருங்கினால் சுவரிலிருந்து செருகிகளைப் பிடுங்கிவிடுவாள். கம்பி வழியே திடீரென ஏறிவரும் அழுத்தத்தில் அடுத்த வீட்டாரின் கணினி கருகிப்போனதைக் கண்டிருந்தாள். எதிர்வீட்டுத் தையற்கார அம்மாளுக்கு, மோட்டார் நின்றாலும் காலால் மிதித்து ஓட்டக்கூடிய பழைய இயந்திரம் இருந்தது. மழை நாட்களில் அதன் சத்தம் மட்டும் தெருவில் கேட்கும். ஊதுவத்தியோ இதற்குள் யந்திரத்துக்குப் போய்விட்டது. மோட்டார் சுழற்றும் இயந்திரம் நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கில் துப்புகிறது. வெளிநாட்டிலிருந்து வத்தி வந்து குவிவதை 2019-ல் அரசாங்கம் கட்டுப்படுத்திய பிறகு அந்த இயந்திரங்கள் இன்னும் பெருகின. வெயிலுக்குக் கட்டுப்பட்டிருந்த தொழில் கரண்டுக்கும் கட்டுப்பட்டது.

இதில் எனக்கொரு மனக்குறை உண்டு. அதைச் சொல்லாமல் விட இயலாது. வீட்டிலிருந்து உழைப்பவருக்கு மழையால் நேரும் நஷ்டத்தை யார் ஏற்பது என்ற கேள்வி மிகப் பழையது. ஆலையில் மின்சாரம் நின்றால் அது முதலாளியின் கவலை. வீட்டில் நின்றால் அது வீட்டுக்காரியின் கவலை. வீட்டில் பீடி சுற்றுகிறவளும் தொழிலாளியே என்று 1966-ம் வருஷத்துப் பீடித் தொழிலாளர் சட்டம் ஒப்புக்கொண்டது. வீட்டிலிருந்து செய்யும் வேலையை ஆலை வேலைக்குச் சமமாகப் பாவிக்க வேண்டுமென்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1996-ல் ஓர் உடன்படிக்கையே செய்தது. இந்தியா அதில் சேரவில்லை. விளக்கையும், அறையையும், தண்ணீரையும், பூஞ்சை படர்ந்த கட்டுகளின் நஷ்டத்தையும் என் தாயார் தம் கூலியிலிருந்தே கொடுத்தார். அவருடைய பேத்தியின் சம்பளம் அவர் கனவிலும் காணாதது. ஆயினும் பாட்டரியின் விலையும், இரண்டாவது இணைப்பின் கட்டணமும், இரவு பதினொரு மணிவரை விழித்திருந்து முடித்த வேலையும் அவள் கணக்கிலேயே எழுதப்படுகின்றன. தூரதேசத்து மேலதிகாரிக்கு, "இங்கே மரம் விழுந்துவிட்டது" என்று மன்னிப்புக் கேட்கும் பாவனையில் அவள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம், காண்டிராக்டரின் திண்ணையில் நனைந்த கட்டுகளை வைத்துக்கொண்டு நின்ற என் தாயாரின் முதுகு எனக்கு ஞாபகம் வருகிறது.

சென்ற மே மாதத்தில் ஒரு நாள் ஆறு மணிக்கு ஆரம்பித்த மழை எட்டு மணிவரை விடவில்லை. ஆனேபாளையா பக்கம் எங்கோ கிளை முறிந்த சத்தம் கேட்டது. தெரு முழுதும் அணைந்தது. மாடியில் அவள் விசைப்பலகையைத் தட்டும் ஓசையும், எதிர்வீட்டில் மிதி இயந்திரத்தின் ஓசையும் ஒன்றையொன்று தொடர்ந்துகொண்டிருந்தன. நான் அரிக்கேனை ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். யூபிஎஸ் இருக்கும்போது அது எதற்கென்று கேட்பார்கள், வாசலில் ஒரு வெளிச்சம் இருந்தால் இருட்டில் வரும் லைன்மேனுக்கு வழி தெரியுமே என்பதற்காகத்தான். சாக்கடை கரைபுரண்டு தெற்கே ஓடிற்று. பத்து மணி சுமாருக்குக் கோடியிலிருந்து "கரெண்ட் பந்த்து" என்று ஒரு குரல். நடுத்தெருவில் "லைட் ஆகயி" என்று குழந்தைகள் கூட்டம். எங்கள் பக்கத்தில் "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று என் தங்கை. மாடியில் தட்டும் ஓசை நிற்கவில்லை. நான் திரியை இறக்கிவிட்டுக் கண்ணாடி ஆறட்டுமென்று சிறிது நேரம் அங்கேயே நின்றேன். பெல்லந்தூரை நோக்கி, பெண்ணையை நோக்கி, தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருந்தது.